ஒரு சொல்லுக்கு இரண்டு அறைகள்

நான் மோட்டார் சைக்கிள் திருடியிருக்கிறேன். குடித்துவிட்டுக் காரோட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரை பிளாஸ்டிக் நாற்காலியால் அடித்திருக்கிறேன். இவற்றையெல்லாம் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு நீதிமன்றத்தில் நின்றுகொண்டு, நல்ல மலாயில், தாழ்ந்த குரலில் சொல்லியும் இருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் வேலை அப்படி. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தமிழில் "நான்" என்றால் நானும் மலாயில் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சேர்க்கக் கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று அப்படித்தான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

கூச்ச சுபாவமுள்ள ஒருத்திக்கு இது எப்படி ஒத்துவந்தது என்று கேட்பார்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. கடையில் ஒரு பொருளின் விலை கேட்கக்கூட எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, பின்பக்கமாகக் கிளம்பிவிடுவேன். ஆனால் நீதிமன்றத்தில் என் குரல் என்னுடையது இல்லை. யாரும் என்னைப் பார்ப்பதில்லை. நான் ஒரு குழாய். ஒரு பக்கம் தமிழ் வரும், மறுபக்கம் மலாய் போகும்.

பதினேழு வயதில், பள்ளியின் ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு முடிந்தது. சட்டம் படித்ததில்லை. நான் வேலைக்கு வந்தபோது மேசை இழுப்பறையில் தட்டச்சு செய்த ஒரு தாள் கிடந்தது. இடப்பக்கம் மலாய்ச் சொற்கள், வலப்பக்கம் தமிழ்ச் சொற்கள். யார் தயாரித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அதை மனப்பாடம் செய்துகொண்டேன். குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதில் இருந்தது. மலாயில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, அல்லது "பிச்சாரா" கேட்கிறாயா என்று வரும். பிச்சாரா என்றால் நீதிபதி முன்னால் சாட்சிகளை அழைத்து வழக்கை நடத்துவது. தாளில் அதற்கு நேரே "விசாரணை" என்று இருந்தது.

ஆகவே பத்தொன்பது ஆண்டுகள் நான் கேட்டது இதுதான்: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கோருகிறீர்களா?"

பிழை என்று யார் சொல்வார்கள்? நம் தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன.

நான் சேர்ந்த புதிதில் கூண்டில் நின்ற பெரும்பாலானவர்களுக்கு வக்கீல் கிடையாது. வந்தார்கள், கேட்டோம், தலையாட்டினார்கள், சிறைக்குப் போனார்கள். காலைப் பட்டியலில் இருபது பெயர் இருந்தால் பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. தினமும் காலையில் இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் வருகிறார். கூண்டின் கம்பிக்கு வெளியே நின்று ஒவ்வொருவரிடமும் பேசுகிறார். அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், லோக்காப் என்னும் போலீஸ் காவலறையின் சட்டை போட்டவரிடம் குனிந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அந்த இடத்தில் அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வக்கீல்களில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். அவளும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு முயற்சி எடுத்தார்கள். கைது செய்யப்பட்டவருக்கு என்ன உரிமை, நீதிமன்றத்தில் என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்லலாம் என்பதை எளிய மொழியில் ஓர் அட்டையில் அச்சடித்து, லோக்காப்பிலேயே கொடுப்பது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளர்கள் எங்களையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள்.

மேல்மாடி அறையில் நீள மேசை. தட்டில் கறிபாப் பலகாரம், தேத்தாரேக் டீப் பொட்டலங்கள். நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

வக்கீல் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, நீங்கதான் இங்க சீனியர். எந்த வார்த்தை ஆளுங்களுக்குப் புரியாம முழிக்கிறாங்க? சும்மா சொல்லுங்க லா."

"எல்லாம் ஓகேதான்" என்றேன்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்லம்மா. புரியுது."

எங்கள் சீன மொழிபெயர்ப்பாளர் என் எதிரே இருந்தார். வேடிக்கையான மனிதர். மலாயில் சொன்னார்: "இந்த அம்மாவைக் கேட்காதீர்கள். அடுத்தவர் பேச்சைப் பேசித்தான் இவருக்குச் சம்பளம். ஒரு வருடத்தில் இவர் சொந்தமாகப் பேசுவதை பெர்ரிப் படகு டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம். இடம் மிச்சம் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, ஒரு கறிபாப்பை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கூண்டுக்கு அவர் வந்தார்.

ஐம்பதை நெருங்கிய மனிதர். வீடு கடலுக்கு அக்கரையில் ஜுருவில், வேலை தீவில், ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவில். அறைகளில் பழைய ஏர்கோன் குளிர்சாதனங்களைக் கழற்றிப் புதியது மாட்டும் வேலை நடந்திருக்கிறது. கழற்றிப் போட்ட செம்புக் குழாய்கள் அவருடைய காரின் பின்பெட்டியில் கிடைத்தன. வேலை செய்யும் இடத்திலேயே திருடினார் என்று குற்றச்சாட்டு. சாதாரணத் திருட்டைவிட அது பெரிய குற்றம். ஒப்புக்கொண்டால் சிறை ஏறக்குறைய நிச்சயம்.

ஏழு நாள் காவலில் இருந்துவிட்டு வந்திருந்தார். ஊதா நிற லோக்காப் சட்டை, காலில் ரப்பர் ஜப்பான் சிலிப்பர். காவலுக்கு நின்ற போலீஸ் கோப்ரல் நம் தமிழ் ஆள். "என்ன அண்ணே, தாடி நல்லா வளந்துடுச்சே. சாமியாராப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் சிரிக்க முயன்றார்.

பொதுமக்கள் பெஞ்சில் அவருடைய மனைவி இருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று தெரிந்தது. புருஷன் இன்றைக்கே அதைப் போட்டுக்கொண்டு கூட வருவார் என்று நம்பி எடுத்து வந்திருக்கிறார்.

வக்கீல் பெண் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசியதை நானும் கேட்டேன்.

"அண்ணே, நீங்க எடுத்தீங்களா இல்லியா?"

"தூக்கிப் போடச் சொன்னாங்க தங்கச்சி. கான்ட்ராக்டர்தான் எடுத்துட்டுப் போன்னு சொன்னாரு."

"அப்ப ஒப்புக்காதீங்க. விசாரணை கேளுங்க."

அவர் முகம் மாறியது. "வேணாம் தங்கச்சி. விசாரணையெல்லாம் வேணாம். ஒப்புக்கிறேன். முடிஞ்சா போதும்."

"ஜெயில் கிடைக்கும் அண்ணே."

"பரவால்ல. விசாரணை வேணாம்."

அவள் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும், "நல்லா யோசிச்சுக்கங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. செய்யாததை ஒப்புக்கொள்ளும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயம், அசதி, வழக்கு இழுக்குமே என்ற கவலை என்று நினைத்துக்கொள்வேன்.

மாஜிஸ்திரேட் வந்து அமர்ந்தார். என்னைவிட இருபது வயது இளைய மலாய்ப் பெண். மரியாதையாகப் புவான் என்று அழைப்போம். அந்த இடத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

குற்றச்சாட்டை வாசிக்கும் முன் எந்த மொழி வேண்டும் என்று கேட்கவேண்டும். அவருக்கு மலாய் தெரியும். ஹோட்டலில் நாள் முழுக்க மலாய்தான் பேசுவார். இருந்தும், "தமிழ்லயே சொல்லுங்கம்மா. நம்ம பாஷைன்னா தப்பு வராது" என்றார்.

அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வாசித்தேன். கேட்டேன். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கோருகிறீர்களா?"

"ஒப்புக்கிறேம்மா."

மலாயில் சொன்னேன். புவான் எழுதிக்கொண்டார். இப்போதெல்லாம் அத்தோடு விடுவதில்லை. ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் ஒப்புக்கொள்கிறாரா என்றும் கேட்கவேண்டும். புவான் அதை அவசரப்படாமல் கேட்பார். "ஒப்புக்கொள்வதன் விளைவு அவருக்குப் புரிகிறதா? அவர் வாயாலேயே சொல்லட்டும்."

நான் கேட்டேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தெரியும்மா. ஒப்புக்கிட்டா விசாரணை கிடையாது. அவ்வளவுதானே?"

அதை அப்படியே மலாயில் சொன்னேன்: "ஒப்புக்கொண்டால் பிச்சாரா கிடையாது என்று எனக்குத் தெரியும்."

சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்ததுபோன்ற பதில். குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு நடக்காது. ஒரு வக்கீல்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமாட்டார். புவான் தலையசைத்தார். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, வழக்கின் விவரத்தை வாசிக்கத் தாளைப் புரட்டினார்.

அப்போது கூண்டில் இருந்தவர் என் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டார்: "மறுபடியும் அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டாங்கல்லம்மா?"

"எந்த ரூமு?"

"விசாரணை ரூமு. ஏழு நாளா விசாரிச்சாங்களே. அடிக்கலம்மா, பொய் சொல்லக் கூடாது. ஆனா ஏர்கோன அப்படிக் குளிர வச்சிட்டு, கேட்டதையே கேட்டு, கேட்டதையே கேட்டு… இனிமே என்னால முடியாது."

என் கையிலிருந்த குறிப்பேடு நழுவி மேசை விளிம்பில் பட்டது.

மலாயில் போலீஸ் கேள்வி கேட்பதற்கு ஒரு சொல், "சியாசாத்தான்". நீதிமன்றம் வழக்கை நடத்துவதற்கு வேறு சொல். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள். தமிழில் இரண்டுக்கும் விசாரணை. போலீஸ் நிலையத்தின் அந்த அறையும் விசாரணைதான், புவான் உட்கார்ந்திருக்கும் இந்த அறையும் விசாரணைதான். ஏழு நாள் அந்த அறையில் இருந்துவிட்டு வந்தவரிடம் நான் கேட்டது என்ன? ஒப்புக்கொள்கிறாயா, இல்லை, இன்னும் வேண்டுமா?

மலாயிலேயே கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். நம் மொழியில் கேட்டதால் புரியாமல் போனது.

அரசுத் தரப்பு வக்கீல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். தேதி, நேரம், காரின் எண். நான் அதை வரிவரியாகத் தமிழில் சொல்லவேண்டும். என் வாய் திறக்கவில்லை. அவர் இரண்டாவது வரிக்குப் போய்விட்டு, நான் பேசாததைக் கவனித்து நிறுத்தினார். புவான் என்னைப் பார்த்தார். எழுத்தர் பார்த்தார். கோப்ரல் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த அறை முழுவதும் என்னைப் பார்த்தது அன்றுதான்.

விவரம் முடிந்தால் தண்டனை. அரை மணிநேரத்தில் கூண்டில் நிற்பவர் சிறை வண்டியில் ஏறிவிடுவார். என்னால் இன்னொரு வரியை மொழிபெயர்க்கவும் முடியும், வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியும்.

"மன்னிக்கவேண்டும் புவான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் சொல்லலாமா?"

"அவர் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார். ஆனால் நான் சொல்லவேண்டியது என் பிழை."

 நான் எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. கோர்ட்டு மலாய் மறந்துபோய், சந்தையில் பேசும் பாசார் மலாய்தான் வந்தது. தமிழில் இரண்டு அறைக்கும் ஒரே சொல் என்றேன். அவர் வேண்டாம் என்றது போலீஸ் அறையை, உங்கள் அறையை அல்ல என்றேன். அவர் என் காதில் கேட்டதையும் சொன்னேன். 

புவான் பேனாவைக் கீழே வைத்தார்.

நான் திட்டை எதிர்பார்த்தேன். என்னை வெளியே போகச் சொல்வார், வேறு மொழிபெயர்ப்பாளரை அழைப்பார், மேலே புகார் போகும் என்றெல்லாம் ஓடியது. அரசுத் தரப்பு வக்கீல் கோபிப்பார் என்றும் நினைத்தேன். அவருக்குக் காலையில் ஒரு வழக்கு முடிந்த மாதிரி இருந்ததே. ஆனால் அவர் கையிலிருந்த தாளை மடித்தார். "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை புவான். மறுபடியும் கேட்கலாம்" என்றார்.

"எவ்வளவு காலமாக இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று புவான் என்னைக் கேட்டார்.

"பத்தொன்பது ஆண்டு, புவான்."

அவர் தான் எழுதியதை மறுபடி வாசித்தார். பிறகு சொன்னார்: "ஆறு மாதமாக நான் இங்கே இருக்கிறேன். அந்தக் கேள்வி தமிழில் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த உயர்ந்த இருக்கையிலிருந்து யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கூண்டிலிருந்து மேலே போகும் பேச்சுக்கும் மேலேயிருந்து கீழே வரும் பேச்சுக்கும் நான் பழகியிருந்தேன். அன்று ஒரு நிமிடம் எல்லாரும் ஒரே தரையில் நிற்பதுபோல இருந்தது. கூரை, சுவர், முத்திரை, கறுப்புக் கோட்டு, அவ்வளவு பெரிய ஏற்பாடும் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அவர் ஒப்புக்கொண்டதைப் புவான் பதிவிலிருந்து நீக்கினார். வக்கீல் பெண்ணை வரவழைத்தார். பிறகு, "நான் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்கிறேன். அந்தச் சொல் வராமல் நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

அப்படித்தான் செய்தோம். அவர் ஒரு வரி, நான் ஒரு வரி.

"நீங்க செய்யலைன்னு சொன்னா, கேஸு இங்க நடக்கும். இந்த இடத்துல, புவானுக்கு முன்னால."

"சரிம்மா."

"போலீஸ் ரூமுக்குத் திரும்பப் போகத் தேவையில்ல."

"போகத் தேவையில்லியா?"

"இல்ல. நீங்க செஞ்சீங்கன்னு அவங்கதான் காட்டணும். செய்யலைன்னு நீங்க காட்டத் தேவையில்ல. அவங்க சாட்சியக் கூட்டிட்டு வருவாங்க. உங்க வக்கீல் அந்தச் சாட்சிகளக் கேள்வி கேப்பாங்க."

அவர் என்னையும் புவானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம அவங்களக் கேள்வி கேக்கலாமா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கோப்ரலும் சிரிப்பை அடக்கினார். நான் அதை மலாயில் சொன்னேன். புவான் சிரிக்கவில்லை.

"கேட்கலாம்" என்றார்.

"அப்படி ஒண்ணு இருக்கா? இத்தனை நாளா இருக்கா?" என்று அவர் கேட்டார். அந்த முகத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. ஒரு கதவு தன் வீட்டிலேயே இருந்து, ஐம்பது வயதில் அதைக் கண்டுபிடித்தவர்போல இருந்தார். "அப்ப நான் செய்யலம்மா. நான் செய்யல. கேஸு நடக்கட்டும்."

ஜாமீன் கொடுத்தார்கள். மனைவியே ஜாமீனுக்கு நின்றார். ஆனால் வெளி வராந்தாவில் அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? இன்னிக்கோட முடிஞ்சிருக்கும்ல? இப்ப வருஷக் கணக்கா இழுப்பாங்க. நான் எத்தன தடவ லீவு கேக்குறது?"

"முடிஞ்சிருந்தா உள்ள போயிருப்பாரும்மா."

"ஃபைன் போட்டு விட்டுருவாங்கன்னு சொன்னாங்களே!"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். உங்களுக்கு என்ன, சம்பளம் வந்துரும்."

வக்கீல் பெண் வந்து அவரை ஓரமாக அழைத்துப்போய் விளக்கினாள். அந்த அம்மா அழுதார். பிறகு பையிலிருந்த சட்டையை உதறிப் புருஷனிடம் கொடுத்தார். அவர் அங்கேயே, தூணுக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டார்.

வக்கீல் பெண் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளும் காலையில் அதே சொல்லைச் சொல்லித்தான் அவரை மிரள வைத்திருந்தாள். இருவருக்கும் அது தெரியும்.

"நானும் சொன்னேன்ல அக்கா" என்றாள்.

"நீ இவர்கிட்ட சொன்னே. நான் பத்தொன்பது வருஷமா எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் பெர்ரியில் உட்கார்ந்திருந்தபோது பழைய முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கூண்டில் நிற்பவரை அதற்கு முன் நான் நேராகப் பார்த்ததே இல்லை, கூச்சம். கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைத்தான் பார்த்திருக்கிறேன். மோதிரம் கழற்றிய தழும்புள்ள கை, சிமெண்ட் வெடிப்புள்ள கை, நகத்தில் மருதாணி மிச்சமுள்ள ஒரு பெண்ணின் கை. இவர்களில் எத்தனை பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், எத்தனை பேர் அந்த அறையை மறுத்தார்கள்? உண்மையாகவே செய்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது போதவில்லை.

மறு சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாமலேயே போனேன். மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னேன். சீன மொழிபெயர்ப்பாளர் இந்தத் தடவை வேடிக்கை பேசவில்லை. "எங்கள் மொழியிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்" என்று தன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

தமிழ் அட்டையில் அந்தச் சொல் இல்லை. "நான் செய்யவில்லை, நீதிபதி முன்னால் வழக்கு நடக்கட்டும்" என்று இருக்கிறது. எங்கள் நீதிமன்றத்தில் நானும் அப்படித்தான் கேட்கிறேன். ஒருமுறை கேட்க முன்பைவிட அரை நிமிடம் அதிகம் பிடிக்கிறது. காலைப் பட்டியல் பதினோரு மணிக்கு முடிவதில்லை. யாரும் முறையிடவில்லை.

பழைய வழக்குகளைப் பற்றி வக்கீல் பெண்தான் யோசித்தாள். கீழ்நிலை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது சரியில்லை என்று பட்டால், உயர் நீதிமன்றம் கோப்பை வரவழைத்துப் பார்க்கலாமாம். எனக்கு அது தெரியாது. அத்தனை ஆண்டு அந்தக் கட்டடத்தில் இருந்தும் தெரியாது. தமிழில் ஒப்புக்கொண்டு, வக்கீல் இல்லாமல், இன்னும் சிறையில் இருப்பவர்கள் யார் என்று தேடினார்கள். ஒரு சிலர் இருந்தார்கள். என்னை ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த மலாயில் ஒரு பக்கம் எழுதினேன். "நான் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினேன்" என்று தொடங்கியது. என் சொந்த "நான்". எழுதும்போது கை நின்று நின்று போனது. அந்த ஒரு பக்கத்தை உயர் நீதிமன்ற நீதிபதி இரண்டு முறை வாசித்தார் என்று பிறகு வக்கீல் பெண் சொன்னாள். ஐந்தாம் படிவம் படித்த ஒருத்தியின் எழுத்தை, அவ்வளவு படித்த ஒருவர், இரண்டு முறை. சில கோப்புகள் மறுபடியும் திறந்தன. சில திறக்கவில்லை. எல்லாவற்றின் முடிவும் எனக்குத் தெரியாது.

ஜுருக்காரருடைய வழக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வந்தது. அதுவரை ஹோட்டல் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தற்காலிக வேலை பார்த்தார். மனைவி சொன்னது உண்மைதான், இழுத்தது. அவர் கொஞ்சம் மெலிந்திருந்தார்.

வழக்கு இரண்டு காலை வேளைகள் நடந்தது. மேற்பார்வையாளர் சாட்சி சொன்னார். காவல் அதிகாரி சொன்னார். கடைசியாக ஏர்கோன் கான்ட்ராக்டர், நடுத்தர வயதுச் சீனர், கூண்டுக்கு எதிரே வந்து நின்றார். வக்கீல் பெண் எழுந்தாள்.

"கழற்றிய குழாய்களை யார் அகற்றவேண்டும் என்று ஒப்பந்தம்?"

"நாங்கள்தான்."

"அகற்றினீர்களா?"

"லாரியில் இடம் இல்லை. அவரிடம் எடுத்துப் போகச் சொன்னேன்."

"இதைப் போலீஸிடம் சொன்னீர்களா?"

"அதை யாரும் என்னைக் கேட்கவில்லையே. எவ்வளவு குழாய் கழற்றினேன் என்றுதான் கேட்டார்கள்."

நான் அதை மெதுவாகத் தமிழில் சொன்னேன். கூண்டில் இருந்தவர் கண்களை மூடிக்கொண்டார். அந்தக் கான்ட்ராக்டர் ஒரு வருடமாக இதே தீவில்தான் இருந்தார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வி பிறக்க இவர் அன்றைக்கு "கேஸு நடக்கட்டும்" என்று சொல்லவேண்டியிருந்தது.

அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்தார்கள். புவான் சிறிது நேரம் எழுதினார். பிறகு, அரசுத் தரப்பு குற்றத்தைக் காட்டவில்லை, எதிர்த்தரப்பு பேசவேண்டிய தேவையே எழவில்லை, இவர் விடுதலை என்றார்.

"உங்க மேல குற்றம் இல்ல. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

அவர் நகரவில்லை. பெஞ்சில் மனைவி எழுந்துவிட்டார். கோப்ரல் கூண்டின் சின்னக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, வாங்க. இல்ல இங்கயே இருக்கப் போறீங்களா?" என்றார். அவர் அப்போதும் நின்றார். இரண்டு நாளும் ஒவ்வொரு நிமிடமும் தன் முறை வரும் என்று காத்திருந்திருக்கிறார்.

"என்னை ஒண்ணுமே கேக்கலியேம்மா?" என்றார்.

கூண்டில் சொல்வது எதுவாக இருந்தாலும் மொழிபெயர்க்கவேண்டும். சொன்னேன். கோப்பை மூடிக்கொண்டிருந்த புவான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"கேட்கத் தேவைப்படவில்லை" என்றார்.

அதைத் தமிழில் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் புவானை நோக்கிக் கைகூப்பினார், அரசுத் தரப்பு வக்கீலை நோக்கியும் கூப்பினார், பிறகு கதவைக் கடந்து போனார்.